கொடியில் சிவப்புப் போர்வை

புயலுக்கு முன்பே குளியல் தொட்டியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளியில் மொண்டு கழிப்பறையில் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஒடெட். வெளியே ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்பாவின் அறையில் ஆக்சிஜன் இயந்திரம் நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். மூலையிலிருந்த சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். அதன் முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது.

"பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார் அல்ஃபே. ஆயுசு முழுக்கச் சிங்கி இறால் பிடித்தவர்.

"ஆமாப்பா. பங்க்லயும் கரண்ட் இல்ல, பம்பு ஓடாது."

"நல்லாருக்கு போ. கரண்டுக்குப் பெட்ரோல் வேணும், பெட்ரோலுக்குக் கரண்ட் வேணும்." சிரிக்கப் போனவருக்கு மூச்சு வாங்கியது.

செல்போன் கோபுரம் காலையிலேயே செத்துவிட்டது. சுவரிலிருந்த பழைய போன் எந்தப் புயலிலும் பேசும். போன் கம்பெனிக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் பெட்டியில் ஓடும் போனை மாட்டிவிட்டுப் போனார்கள். கரண்ட் போனால் இதுவும் போகும் என்று எந்தப் புண்ணியவானும் வாய் திறக்கவில்லை. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. அவர்களுடைய படகை அலை பாறையில் அடித்து உடைத்திருந்தது. அப்பாவைத் தனியே விட்டு நடந்துபோக அவளுக்கு மனமில்லை.

"போர்வையப் போடும்மா," என்றார் அவர்.

அந்தக் கடல் குடாவுக்குள் போன் வருவதற்கு முந்தைய வழக்கம் அது. கொடியில் சிவப்புப் போர்வை தொங்கினால், அக்கரைக்காரர் கேள்வி கேட்காமல் படகை எடுக்க வேண்டும். ஒடெட் பிறந்த அன்று அதைப் பார்த்துத்தான் அக்கரையிலிருந்த அப்பாவின் கூட்டாளி லெவி மருத்துவச்சியை ஏற்றி வந்தார்.

அலமாரியில் உலர்ந்திருந்த சிவப்புப் போர்வையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். கூரை ஒழுகாத வீடே இல்லை. குடாவைச் சுற்றி எல்லாக் கொடிகளிலும் நனைந்த போர்வைகள், பச்சை, நீலம், சிவப்பு. அக்கரையில் லெவியும் உலர்த்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"மாமா! வாங்க மாமா!" இரண்டு கைகளையும் வீசிக் கத்தினாள். குரலைக் காற்று கொண்டுபோனது. அவரும் உற்சாகமாக இரண்டு கைகளையும் வீசிவிட்டு, அடுத்த போர்வையைப் பிழியக் குனிந்தார்.

"பாத்தானா?"

"பாத்துட்டாருப்பா."

"அப்ப வந்துருவான்." நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒடெட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பது அவளுக்கே அவமானமாக இருந்தது. முள் கடைசிக் கோட்டில் படுத்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு அடுத்தது வரவில்லை.

மதியம் தாண்டி லெவி வந்தார். ஒரு கையில் பெட்ரோல் கேன், மறு கையில் கோழிக் குழம்புச் சட்டி.

"எந்திரிடா சோம்பேறி, சுடச்சுடக் கொண்டாந்திருக்கேன்..." என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவர், அறைக்குள் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

அவர் பார்வை ஜன்னல் வழியே கொடிக்குப் போனது.

"நீயும் காயப் போட்டிருக்கேன்னு நெனச்சேம்மா," என்றார்.

வெளியே போய்ப் போர்வையைத் தொட்டுப் பார்த்தார். அதில் துளி ஈரமில்லை. அதை மடிக்கவும் முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் விளக்குகள் எரிந்தன. இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கியது. கூடத்தில் போன் அடித்தது. மின்சாரக் கம்பெனியின் பதிவுக் குரல்.

"உங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்பிவிட்டதா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

ஒடெட் ஒன்றை அழுத்தினாள்.