எழும்பாத பரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நெடுந்தீவுக்கு மண்ணெண்ணெய் வராமல் போன வருடம், சிவபாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கக்கூசுக் குழிச் சேற்றை வாரி, மாட்டுச் சாணத்தோடு கரைத்து, பின்வளவில் கட்டிய தொட்டியில் ஊற்றினார். அதன்மேல் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை, ஓர் இரும்புப் பரலைக் கவிழ்த்து வைத்தார். சேறு புளித்தால் வாயு வரும், வாயு வந்தால் பரல் எழும்பும், குழாய் வழியே குசினியில் அடுப்பு எரியும் என்றார். ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவர் மனைவி மனோகரி சிரிக்கவில்லை. அவளுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய். ஈரப் பனையோலைப் புகை நெஞ்சை அடைக்கும். ஒரு பானை சோறு இறக்குவதற்குள் நாலு தரம் வெளியே ஓடி மூச்சு வாங்குவாள். புகையில்லாத நெருப்பு அவளுக்கு உயிர்ப் பிரச்சினை. விடிந்ததும் முதல் வேலையாகப் பரலைத்தான் போய்ப் பார்ப்பாள். அந்தச் சனியன் அசைகிற எண்ணமே இல்லாமல் கிடந்தது.

மாதங்கள் போயின. மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. "இந்தக் கிழமை பார்ப்பன். இல்லாட்டி உடைச்சுப்போடுவன்" என்றார்.

மனோகரி பதறிப்போய்த் தொட்டியடியில் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கை என்னதான் நடக்குது? ஆர் வாயுவை உண்டாக்கிறது?"

"கிருமியள். கண்ணுக்குத் தெரியாது. காத்துப் படாத இருட்டிலை சேத்தைத் திண்டு வாயு விடுகுதுகள்."

"உயிரோடையோ?"

"பின்னை? செத்தது திண்ணுமே?"

மனோகரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் வீடு வாசல் கழுவி முடித்ததும், கிணற்றுக்குப் போடவென்று கிடைத்த குளோரின் தூளில் ஒரு சிரட்டை அள்ளி, அவர் காணாமல் தொட்டிக்குள்ளும் கொட்டிவருகிறவள் அவள். விரதச் சோறு பொங்கப்போகிற நெருப்பல்லவா? அது பிறக்கிற இடம் துப்புரவாக இருக்க வேண்டாமா?

"அதுகளைச் சாக்காட்டினது நான்தான்" என்றாள். "வெள்ளிக்கு வெள்ளி குளோரின் போட்டனான்."

சிவபாதம் அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வந்த கோபத்தைச் சிரிப்பு முந்திக்கொண்டது.

"கிருமிக்குத் தீட்டுக் கழிச்சிருக்கிறீர்!"

தொட்டியை வெறுமையாக்கிக் கழுவினார்கள். இந்தமுறை புதுச் சேற்றை வாளி வாளியாகச் சுமந்தவள் மனோகரி. வெள்ளிக்கிழமை வந்தால் கை துருதுருத்தது. தூள் தகரத்தை அயல்வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் பார்த்தால் பரல் ஒரு சாண் எழும்பி நின்றது. நம்பாமல் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிவிட்டு மெல்ல மேலே வந்தது. "வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

புது அடுப்பென்றால் முதலில் பால்தான் காய்ச்ச வேண்டும். நீலச் சுவாலையில் பால் பொங்கி வழிந்தது. மனோகரி அடுப்பை விட்டு அகலவேயில்லை. முதல் பேணிப் பாலைச் சிவபாதத்திடம் நீட்டினாள். வாயருகே கொண்டுபோனவர் பாலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். கை தானாக இறங்கிவிட்டது.

"நான்... பிறகு குடிக்கிறன்."

"தாருங்கோ இஞ்சை!"

பறித்து, மடக்கு மடக்கென்று குடித்து முடித்தாள். அடுப்படியில் நின்றபடியே, ஒருதரம்கூட இருமாமல்.