பின்பாரம்

வீட்டுச் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் ஐந்து மூட்டை நெல் ஒதுக்குவேன். இந்த வருஷமும் ஒதுக்கிவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஐந்து என்பது, மூட்டைகளைத் தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மனைவி ஞானாம்பாள் மகள் கவிப்ரியாவின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போய் மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஆறு மாதம் அம்மா இருக்கட்டும், விசாவை நீட்டித்துவிடலாம் என்கிறாள் மகள். இன்று மதியம் கூப்பிடுவதாக ஞானாம்பாள் சொல்லியிருந்தாள். நான் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். எனக்கென்ன, சோறு வடிக்கத் தெரியாதா? சைக்கிளில் நெல் ஏற்றத் தெரியாதா?

காலையில் சைக்கிளுக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, மூன்று மூட்டையை ஏற்றி, பூதலூர் ரைஸ்மில்லுக்குக் கிளம்பினேன். கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும் என்பதால் பழைய டியூபால்தான் இறுக்கிக் கட்டுவேன். முன்னால் ஒரு மூட்டை, வால்பக்கம் இரண்டு. இருபது வருஷமாக அப்படித்தான்.

வாய்க்கால் பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளினேன். பாதி மேட்டில் டிரெய்லரின் வால் தரையில் இடித்தது. முன்பக்கம் தூக்கியதில் சைக்கிளின் பின்சக்கரமும் மேலே எழும்பியது.

"ஏய், தூக்கிப் பிடி!" என்று கத்தினேன்.

பின்னால் யார் இருக்கிறார்கள்? இரண்டு கொக்குகள் பறந்தன.

அப்போதுதான் புரிந்தது. மேட்டில் ஏறும்போது கனம் பின்னால் சாயும்; தனியாளாக இருந்தால் பாரத்தை டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஞானாம்பாள் வாலைத் தூக்கித் தள்ளிக்கொண்டு வருவாள் என்று என் கை தானாக வைத்திருக்கிறது.

டியூபை அவிழ்த்து, ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் சுமந்து மேலே வைத்தேன். மூன்று நடை. பிறகு டிரெய்லரை ஏற்றினேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தவனுக்குப் பேசக்கூட ஆள் இல்லை. இடுப்பு வலியைவிட அதுதான் வலித்தது.

மில் வாசலில் ஞானாம்பாளின் போன் வந்தது. நெல்லோடு மில்லுக்கு வந்திருப்பதைச் சொன்னேன்.

"பாலத்துல எப்படிங்க ஏறுனீங்க?" அவளுக்கு முதல் கவலையே அதுதான்.

"நம்ம பக்கத்து வீட்டு பரணிதரன் தள்ளிவிட்டான்."

"பரணி பொண்டாட்டிகிட்ட இப்பத்தான் பேசினேன். ரெண்டு பேரும் நேத்தே வேளாங்கண்ணி போயிட்டாங்களாம்."

வசமாக மாட்டிக்கொண்டேன்.

"மூட்டைய எறக்கித் தூக்குனீங்களா?"

"ஆமா."

"கவி பக்கத்துலதான் இருக்கா. விசாவுக்கு என்ன சொல்லட்டும்?"

சரி என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது.

"தனியா முடியல, ஞானாம்பா," என்றேன். "நெல்லு தூக்குறத மட்டும் சொல்லல."

முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் முடியவில்லை என்று நான் சொன்னதே இல்லை. பேத்தி அழும் சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"மொத்தம் எத்தன மூட்ட ஒதுக்குனீங்க?"

"அஞ்சு."

"ஒத்த ஆளுக்கா?" என்று சிரித்தாள். "மிச்சம் ரெண்டையும் தொடாதீங்க. நான் வந்து தள்ளுறேன்."