ட்ருகனினாவில் முருங்கை காய்த்தது

ஆனந்தராஜா வீடு வாங்கிய காலத்தில் ட்ருகனினா ஒரு பாலைவனம். அப்படித்தான் அவர் சொல்வார். மெல்பேர்னின் மேற்கு ஓரத்தில், மழை மறந்துபோன கட்டாந்தரை. பின்வேலிக்கு அங்கால் டெஸ் என்ற கிழட்டு விவசாயியின் பார்லி வயல், அதற்கு அங்கால் முட்செடி, அதற்கும் அங்கால் வெறும் வானம். மரம் என்று சொல்ல ஒரு மின்கம்பம் நின்றது. ஒட்டகம் மட்டும்தான் குறை. அதுவும் வந்து பார்த்துவிட்டு இங்கே சரிவராது என்று திரும்பிப் போயிருக்கும். கோடையில் டெஸ்ஸின் கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. வடக்குக் காற்று எழும்பினால் கொடியில் காயப்போட்ட துணி மூன்று ஊர் தாண்டும். பறந்துபோன தன்னுடைய நீலக்கோடு போட்ட சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கங்காரு நின்றதை ஆனந்தராஜா கண்ணாரக் கண்டிருக்கிறார்.

"நான் காணேல்லை," என்பாள் அவர் மனைவி கல்யாணி.

"நீ குசினிக்குள்ள நிண்டனி."

கல்யாணிக்குக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்பதுதான் ஆசை. கோயில் நகரத்தின் மற்ற அந்தத்தில் இருந்தது. ஆனந்தராஜா வாயாலேயே அவளை மேற்கே இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய வளவு, முருங்கை நடலாம், விடியற்காலையில் நீ தேவாரம் பாடினால் கேட்க பார்லியை விட்டால் ஒரு சனமில்லை என்றார். கடைசியாகச் சொன்னதுதான் அவள் மனதில் விழுந்தது. தினமும் காலையில் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் பாடுகிறவள் அவள். அவர் கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி தலையாட்டுவார். முடிந்ததும் "அருமை" என்பார். ஒரு நாள் தவறாமல் சொல்வார்.

பாட்டு நடந்தது. முருங்கைதான் நடக்கவில்லை. கோடை முழுக்க ஆளுயரம் எழும்பும். குளிர்காலத்து முதல் உறைபனியில் கறுத்துக் கூனிப்போகும். பழைய சுவெட்டர் போட்டார், கம்பளி சுற்றினார், ஒரு வருடம் மண்டைக்குத் தொப்பிகூட வைத்தார். கோயில் மடப்பள்ளி வாசலில் நின்று, "என்ர வளவு முருங்கைக்காயில கறி வைக்காமல் நான் சாகமாட்டன்" என்று சபதம் போட்டதில், அவருக்குச் சாவே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ட்ருகனினா வளரத் தொடங்கியது. ஒரு கிழமை சிட்னிக்குப் போய்விட்டு வந்தால் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது. பார்லி நின்ற இடத்தில் கிடங்குகள், கிடங்குகளுக்கு நடுவே வீடுகள், வீடுகளுக்கு நடுவே ஏரியே இல்லாமல் ஏரிப் பெயர் வைத்த தெருக்கள். கடைசியில் டெஸ்ஸும் விற்றான். டிராக்டரில் இருந்தபடி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்லும் அந்த மனிதன், போகும்போதும் அதே ஒரு விரலைத்தான் உயர்த்தினான்.

அவன் நிலத்தில், உலகத்துப் படங்களையும் கணக்குகளையும் கணினிகளில் சேமித்து வைக்கிற டேட்டா சென்டர் வரப்போகிறது என்று சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். நிறுவனத்துப் பெண் ஒருத்தி படங்கள் காட்டினாள், பிஸ்கட் கொடுத்தாள், கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். கல்யாணி கணவரின் கையை இடித்தாள்.

"சத்தம் வருமோ எண்டு கேளுங்கோ."

ஆனந்தராஜா எழுந்தார். சபையைக் கண்டால் அவருக்கு வாயில் தேனூறும். தன் மனைவி நல்ல பாடகி என்றும், உங்கள் இயந்திரம் சத்தம் போட்டால் அவள் அதைவிடச் சத்தமாகப் பாடுவாள் என்றும், பிறகு முறைப்பாட்டோடு வரப்போவது இயந்திரம்தான் என்றும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கேள்வி வாகனத் தரிப்பிடம் பற்றி வந்தது. கல்யாணியின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்கப்பட்டதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

கட்டடம் எழும்பியது. ஜன்னல் இல்லாத சாம்பல் நிறச் சுவர். யாழ்ப்பாணக் கோட்டையை உள்ளே வைத்தாலும் கார் விட இடம் மிஞ்சும். வேலிப் பக்கம் முழுக்கச் சாய்வாக அடுக்கிய இரும்புச் செதிள்கள், அவற்றின் பின்னால் ஆள் உயர விசிறிகள். ஆனந்தராஜா பெருமையில் தலைகால் தெரியாமல் நின்றார்.

"உலகத்துப் பிள்ளையளின்ர பிறந்தநாள் படமெல்லாம் என்ர வேலிக்கு அங்காலதான் கிடக்குது," என்று கோயிலில் சொன்னார். "துலைஞ்சால் சொல்லுங்கோ, எட்டி எடுத்துத் தாறன்."

விசிறிகள் சுழலத் தொடங்கிய அன்று காலை கல்யாணி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"காதுக்குள்ள ஒரு தேனீ நிண்ட இடத்திலயே நிக்கிற மாதிரி."

ஆனந்தராஜா காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. போத்தல் தொழிற்சாலையில் கண்ணாடி உடைகிற சத்தத்துக்குள் இருபத்தைந்து வருடம் நின்ற காது அது. "எனக்கு உன்ர குரல் மட்டும்தானப்பா கேக்குது," என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ."

அந்தத் தேனீ ஒரே சுருதியில் நின்றிருந்தாலாவது தப்பியிருக்கலாம். கல்யாணி தன் சுருதியைக் கொஞ்சம் இறக்கி அதோடு பொருந்திப் பார்த்தாள். குளிர் நாளில் பொருந்தியது. வெயில் ஏறினால் விசிறிகள் வேகமெடுக்கும், சத்தமும் மேலே ஏறும். பாடிக்கொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழே தரை நகர்ந்ததுபோல அவள் குரல் சுருதியை விட்டு விழுந்தது. பிறகு சுருதிப்பெட்டியைத் துணி சுற்றி அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு நித்திரை போனது. பஞ்சை அடைத்தாள், தலையணையால் மூடினாள், குளியலறையில் பாய் விரித்துப் படுத்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு உண்மையாக் கேக்கேல்லையோ?"

"உலகத்துப் படமெல்லாம் கதைக்குது போல. கலியாண வீட்டுப் படமாயிருக்கும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பெட்டி கட்டினாள்.

"தாரிணியிட்டப் போட்டு வாறன். ரெண்டு கிழமை."

மகள் தாரிணிக்குச் சிட்னியில், லிட்கமில் இரண்டு அறை வீடு. அதில் கணவன், பிள்ளைகள் இருவர், இப்போது கல்யாணி. பேத்தியின் அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு அவளுக்கு. இரண்டு கிழமை இரண்டு மாதமானது. தொலைபேசியில் கேட்டால், "இஞ்ச நித்திரை வருகுதப்பா" என்பாள். அதற்கு மேல் அவருக்குப் பகிடி வராது.

அந்தக் குளிர்காலத்தில் ஆனந்தராஜா முருங்கைக்குச் சுவெட்டர் போடவில்லை. யாருக்குக் காட்ட? உறைபனி இறங்கியது. அயல் வீட்டு ரோசா கருகியது, எதிர்வீட்டு எலுமிச்சை கருகியது. முருங்கை பச்சையாக நின்றது. அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். செதிள்களுக்கு நடுவிலிருந்து வெதுவெதுப்பான காற்று, மாடு மூச்சு விடுவதுபோல, இடைவிடாமல் வேலிக்கு மேலால் வந்து மரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. உலகம் எடுத்த படமெல்லாம் சேர்ந்து சூடேறி அவருடைய முருங்கையை அடைகாத்தது. வசந்தத்தில் பூத்தது. கோடை தொடங்கக் காய்த்தது. காய் என்றால் அப்படிக் காய். ஒரு காயை வெட்டினால் ஒரு தெருவுக்குச் சாம்பார் வைக்கலாம்.

"கல்யாணி, காய்ச்சிட்டுது!"

"என்ன காய்ச்சது?"

"சத்தியமாய். வந்து பார்."

"கங்காரு சாரம் கட்டின மாதிரியோ?"

ஆனாலும் வந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஆனந்தராஜா ஒரு முடிவோடு காரை ஓட்டினார். இந்த முறை பகிடி இல்லை. அவள் கேட்டால், தனக்கும் கேட்கிறது என்று சொல்லப்போகிறார். கேட்கவில்லை என்று சொல்லித்தானே ஆள் போனாள்.

சரியான வெக்கை நாள். கல்யாணி முருங்கையின் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். கையை உயர்த்தி ஒரு காயைத் தொட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பல மாதத்துக்குப் பிறகு. பிறகு அவள் கண்கள் விரிந்தன. தலையைச் சரித்து, மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப கேக்குதோ உங்களுக்கு?"

"கேக்காமல் என்ன!" ஆனந்தராஜா பாய்ந்தார். "மண்டைக்குள்ள துளை போடுது. நூறு தேனீ. ஆயிரம் தேனீ! ராவு முழுக்க நானும் நித்திரையில்லை. நீ சொன்னது முழுக்க உண்மை, நான்தான் விசரன்."

கல்யாணி காயிலிருந்து கையை எடுத்தாள்.

"அது நிண்டு போச்சுதப்பா," என்றாள். "இப்பத்தான் நிண்டது. ஏதோ திருத்துகினம் போல. ஒரு சத்தமும் இல்லை."

ஆனந்தராஜா வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் நினைச்சன், கேட்டும் கேக்காத மாதிரிப் பகிடி பண்ணுறியள் எண்டு. எவ்வளவு கோவம் உங்களில. உங்களுக்கு உண்மையாவே கேக்கேல்லை என்ன?"

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

"அப்ப என்ர பாட்டு?"

"உரத்துக் கதைச்சால் கேக்கும். பாட்டெண்டால் வாய் அசையிறது தெரியும்," என்றார் ஆனந்தராஜா.

"அருமை எண்டு சொல்லுறனீங்கள்?"

"அருமையாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்தானே."

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் மெல்ல இறுகின. புருவம் சுருங்கியது. விசிறிகள் திரும்பச் சுழலத் தொடங்கிவிட்டன என்பது அந்தப் புருவத்தில் இருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு அவள் லிட்கம் போனாள். போகும்போது சொன்னது ஒன்றுதான்: "காதை டொக்டரிட்டக் காட்டுங்கோ."

காட்டினார். கடுகளவு கருவி ஒன்றைக் காதுக்குள் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், குளிர்பெட்டி முனகியது, தன் செருப்பே தன்னைத் துரத்தியது, குசினிக் குழாயில் கோணேசர் மலையில் அலை மோதுவதுபோல ஒரு சொட்டு விழுந்தது. குழந்தைப்பிள்ளைபோல எல்லாவற்றையும் தட்டித் தட்டிக் கேட்டார். கடைசியாகப் பின்கதவைத் திறந்தார்.

அங்கே அந்தத் தேனீ நின்றது. நின்ற இடத்திலேயே.

அவர் அன்று வெகுநேரம் முருங்கையின் கீழே கதிரையைப் போட்டு இருந்தார். பிறகு தொலைபேசி எடுத்தார்.

"கல்யாணி, கேக்குது."

எது என்று அவள் கேட்கவில்லை. "ம்," என்றாள்.

"நீ வராதை. வீட்டை வித்துப்போட்டு நான் வாறன்."

வீடு விற்றால்தான் லிட்கம் பக்கத்தில் இரண்டு பேருக்கு ஒரு கூரை. பார்க்க வந்தவர்கள் முன் அறையைப் புகழ்ந்தார்கள், குசினியைப் புகழ்ந்தார்கள். பின்வளவுக்கு வந்ததும் கோழிபோலத் தலையைச் சரித்தார்கள். பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. கோடை முழுக்க இதே கதை. கல்யாணி அடுக்குக் கட்டிலில், அவர் தேனீயோடு.

இலையுதிர் காலத்துக் குளிர்ந்த ஒரு காலையில் விவேக்கும் வர்ஷாவும் வந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள், கணவனும் மனைவியும். விவேக்குக்கு வேலிக்கு அங்கால்தான் வேலை; வர்ஷா ஆஸ்பத்திரியில் தாதி. குளிருக்கு விசிறிகள் அரைத்தூக்கத்தில் சுழன்றன. வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் தமிழ் கேட்டதில் ஆனந்தராஜாவின் வாய் பழையபடி ஊறிவிட்டது. ஒட்டகம் வந்தது, அவித்த முட்டை வந்தது, கங்காரு சாரம் கட்டியது. வர்ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, முருங்கக்காய்! இந்த ஊர்லயா? அங்கிள், நெஜமா?"

"வாங்கிடலாம்," என்றான் விவேக் அவளிடம். "ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். லன்ச்சுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்."

"இருங்க, ஒண்ணு கேக்கணும்." அவள் ஆனந்தராஜாவிடம் திரும்பினாள். "எனக்கு நைட் டூட்டி, அங்கிள். பகல்லதான் தூங்கணும். இங்க சத்தம் ஏதும் இருக்குமா?"

ஆனந்தராஜா அவளைப் பார்த்தார்.

"இருக்கு, பிள்ளை," என்றார். "வெயில் ஏற ஏறக் கூடும். என்ர மனிசி அதாலதான் சிட்னிக்குப் போனவ."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்து வெடித்தது விவேக்.

"ஆன்ட்டி கோவிச்சுட்டுப் போனதுக்குப் பழி எங்க டேட்டா சென்டர் மேலயா! செம காமெடி அங்கிள் நீங்க."

"சத்தமெல்லாம் உள்ளதானே இருக்கும்?" என்றாள் வர்ஷா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"உள்ள மட்டுந்தான்," என்றான் அவன்.

இன்னும் ஒரு முறை சொல்லலாம். சிரிக்காமல், அவள் கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வசனம். ஆனந்தராஜா வாயைத் திறந்தார். அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் காலை மடக்கிப் படுத்திருக்கும் ஒருத்தி அவருக்கு முன்னால் வந்தாள். வாயை மூடினார். வேலியில் சாத்தியிருந்த, காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்தார்.

"ரெண்டு போதும் அங்கிள்!"

"கொண்டு போ பிள்ளை. இனி உங்கட மரம்தானே."

காய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வர்ஷா குனிந்து பொறுக்கினாள். ஆனந்தராஜா மற்றப் பக்கம் திரும்பி, காதைச் சொறிபவர்போல அந்தக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். ட்ருகனினா பழைய பாலைவனமாக அடங்கியது.

திரும்பியபோது, மடி நிறைய முருங்கைக்காயோடு தள்ளி நின்று வர்ஷா அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது.

"ஓம், ஓம்," என்றார் ஆனந்தராஜா.