சிரிக்கிற முகத்துக்குச் சரி போடாதவள்

குடும்பநல மாது சோபனா, கிளினிக் வாங்கில் வரிசையாகக் காத்திருந்த பெண்களுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டு, பேனையால் கடைசி முகத்தைத் தொட்டுக் காட்டினார். தாளில் ஐந்து முகங்கள் இருந்தன. முதல் முகம் அழுதது, கடைசி முகம் பல் தெரியச் சிரித்தது.

"கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை பொம்பிளையளுக்குத் திருப்தியோ எண்டு மேலிடத்தில கேக்கினம். இதுக்குச் சரி போடுங்கோ, காணும்."

வாங்கில் இருந்தவர்கள் சொல்வழி கேட்டுச் சரி போட்டார்கள். பிள்ளைப்பேறு முதல் தடுப்பூசி வரை பார்க்கிற மிஸ். அவரைப் பகைத்துக்கொண்டு யார் ஊரில் இருப்பது? அஞ்சலா மட்டும் பேனையைத் திறக்கவில்லை.

பக்கத்தில் அவளுடைய தங்கை மாக்கிறட் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. இரண்டு மாதமாக நாள் தப்பி இரத்தம் படுகிறது. அதை ஒளித்து வைத்திருந்தவளை இழுத்துவரப் பெரும்பாடாகிவிட்டது. "செத்தாலும் பரவாயில்லை அக்கா, சங்கத்து மேசையில என்ர பேர் கிடக்கக் கூடாது" என்பதுதான் அவள் பாட்டு.

அவள் பயந்ததில் பிழையில்லை. போன வருடம் நாற்பத்தைந்து முடிந்த கையோடு அஞ்சலா இதே சோதனைக்காகத் திரைக்குப் பின்னாலுள்ள கட்டிலில் படுத்தாள். ஐந்து நிமிட வேலை, பெரிய நோவும் இல்லை. வினை பிறகுதான் வந்தது. மீள்குடியேறிய அந்தக் கரையூரில் பாதி வீட்டுக்கு இலக்கமில்லை. மின்சாரப் பட்டியலோ, பிள்ளைகளின் ஊசி அட்டையோ, எல்லாம் மீனவர் சங்கத்து மேசைக்குத்தான் போகும்; கடலால் திரும்புகிற ஆண்கள் தங்கள் வீட்டாருடையதை எடுத்துப் போவார்கள். மிஸ்ஸும் பழக்கதோஷத்தில் அஞ்சலாவுக்கு வந்த துண்டுச்சீட்டை உறைகூட இல்லாமல் அங்கே வைத்துவிட்டுப் போனார். 'எட்வேட் மனைவி அஞ்சலா. புற்றுநோய்ச் சோதனைக்குத் திரும்ப வரவும்.'

எட்வேட்டின் கைக்கு வருமுன் இருபது ஆண்கள் அதை வாசித்துவிட்டார்கள். மிச்சத்தை ஊர் வாய் பார்த்துக்கொண்டது: அவளுக்குப் புற்றுநோயாம், தொட்டால் ஒட்டுமாம். அடுத்த நாள் அவள் விற்கிற கருவாட்டை யாரும் தொடவில்லை. மாமி தனிக் கோப்பை வைத்தாள். எட்வேட் பாயைச் சுருட்டிக்கொண்டு கரையிலிருந்த மீன்வாடிக்குப் படுக்கப் போனான். அதுதான் அவளை அறுத்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். முதலில் எடுத்தது பார்க்கப் போதாமல் இருந்ததாம், வேறொன்றும் இல்லையாம். அந்த நல்ல சேதியை மட்டும் ஒருவரும் சங்கத்து மேசையில் வைக்கவில்லை.

அஞ்சலா பேனையைத் திறந்தாள். அழுகிற முகத்துக்குச் சரி போட்டு, கீழே நாலு வரி எழுதினாள்.

எட்டிப் பார்த்த மிஸ்ஸின் முகம் கறுத்தது. "அஞ்சலாக்கா, இது மேல போனா என்ர பேர் கெடும். வேற தாள் தாறன்."

"என்ர பேர் கெட்டு ஒரு வருசமாச்சு மிஸ். உங்கட கை நல்ல கை, நோகாமச் செய்யிறனீங்கள். அதையும் எழுதியிருக்கிறன். துண்டை ஆம்பிளையளின்ர மேசையில வச்சதையும் எழுதியிருக்கிறன்."

"வேற ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லையே. எல்லாருக்கும் திருப்திதானே."

"திருப்தியில்லாதவையள் இஞ்ச வரேல்லை மிஸ். அவையள் வீட்டில நோயோட இருக்கினம். அவையளுக்கு ஆர் தாள் குடுத்தது?"

வாங்கில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மிஸ் பதிவுப் புத்தகத்தை இழுத்துத் திறந்தார்.

"மாக்கிறட், உம்மட துண்டை ஆரிட்டக் குடுக்க?"

"ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம் மிஸ்" என்றாள் மாக்கிறட். குரல் மெல்லியதுதான், ஆனால் உடையவில்லை. "எப்ப வரும் எண்டு சொல்லுங்கோ. நானே வந்து வாங்கிறன்."

மிஸ் அதை அப்படியே எழுதினார். மாக்கிறட் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

"தாளைத் தாங்கோ அஞ்சலாக்கா, நான் சேர்த்து அனுப்புறன்."

"வேண்டாம் மிஸ்" என்று சொல்லிவிட்டு, அஞ்சலா தாளோடு எழுந்து போய், கிளினிக்குக்குப் பொறுப்பான டொக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.