ஒன்பதாங்கட்டையில் கவரேஜ் வரும் விதம்

ஒன்பதாங்கட்டைச் சந்தியில் ஹபீலும் கறுப்பையாவும் வாதாடினால் இண்டர்நெட் வரும், வாயை மூடினால் போய்விடும். கெலிஓயாவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் கேட்டால் கண்டக்டரே இதைச் சொல்லுவார், டிக்கட் விலை சொல்லுகிற அதே குரலில். வேறு எந்த வாதமும் சரிவராது. இந்த ஊருக்கு இண்டர்நெட்டைக் கொண்டுவந்தது யார் என்ற வாதமாக இருக்க வேண்டும் என்பார். ஹபீல் குடைக் கட்சி. சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், கட்சியின் கிளைச் செயலாளர். கறுப்பையா ஏணிக் கட்சி. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்தவர், கீழே லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவர், தேர்தல் வந்தால் ஏணி மந்திரியின் படத்தை மதில் மதிலாக ஒட்டுபவர். கம்பி இழுத்தவர்தான் கொண்டுவந்தவர், அது எங்கள் மந்திரி என்பது ஹபீலின் வாதம். கம்பெனிகள் நாட்டுக்குள் வரச் சட்டம் செய்யாவிட்டால் கம்பியை எங்கே இழுப்பது, அந்தச் சட்டத்தைச் செய்தது எங்கள் மந்திரி என்பது கறுப்பையாவின் வாதம். இரண்டையும் கேட்டுக் கேட்டு ஊருக்குக் காது புளித்துவிட்டது.

சந்திக்கு மேலே ஒரு டவர் நிற்பது உண்மைதான். குடை மந்திரி அதை ஒரு தடவை ரிபன் வெட்டித் திறந்தார். ஆட்சி மாறியதும் ஏணி மந்திரி அதே டவரை இன்னொரு தடவை திறந்தார். இருவரின் பெயர்க்கற்களும் அடியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. டவருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் ஏறிப் பார்த்தார். மேலே ஒரு கருவியும் இல்லை. கையிலிருந்த போனிலோ சிக்னல் நாலு கோடு நின்றது, ஏனென்றால் கீழே இருவரும் அவரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் படிவத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, சந்திக் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் பிடிபட்டது கொரோனா வருடத்தில். ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த இரண்டு மாதமும் ஒன்பதாங்கட்டையில் ஒரு கோடுகூட வரவில்லை. பிள்ளைகள் பாடத்துக்காக மரத்தில் ஏறியும் தண்ணீர்த் தாங்கியில் ஏறியும் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஊரடங்கு தளர்ந்த அன்று ஹபீல் கடை திறந்தார், கறுப்பையா ஆணி வாங்க வந்தார், இருவரும் முகக்கவசத்தோடு ஒரு மீற்றர் தள்ளி நின்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் ஊரிலிருந்த அத்தனை போனும் ஒன்றாக அடித்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் பஸீஹா டீச்சர் அப்போது கடை வாசலில் நின்றார். எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள், வாதம் உச்சத்தில் இருக்கும்போது, இருவர் கையிலும் ஒவ்வொரு பிளேன்டீயைக் கொடுத்தார். குடிக்க வாய் நின்றது, நாலு கோடும் இறங்கியது.

அதற்குப் பிறகு எவ்வளவோ செய்து பார்த்தார்கள். வாதத்தைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள், ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூட விவாத அணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் அழகாகப் பேசினார்கள், கிண்ணமே கொடுத்திருக்கலாம், கவரேஜ் மட்டும் இல்லை. இரண்டு கட்சி இளைஞர்களையும் மோதவிட்டபோது ஒரு கோடு வந்து துடித்தது, அதற்குள் அவர்கள் கிரிக்கெட் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சொல்லுகிறவருக்கு உள்ளே உண்மையில் எரிய வேண்டும், வாய்ப்பாடம் ஒப்புவித்தால் வராது என்று டீச்சர் முடிவாகச் சொன்னார். அப்படி எரிகிற ஆட்கள் ஊரில் இரண்டே பேர். ஆகவே பஸ் தரிப்பிடத்தில் நேர அட்டவணை ஒட்டப்பட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு மணித்தியாலம், பிள்ளைகளின் பாடத்துக்கும் ஊர் அலுவல்களுக்கும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து நாலரை வரை, வெளிநாட்டிலிருந்து வரும் போன் கோல்களுக்கு. முப்பத்தாறு வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்.

ஆரம்பத்தில் இருவருக்கும் பெருமைதான். வருடம் போகப் போக அலுத்தது. யாருக்குத்தான் அலுக்காது? காய்ச்சலோடு வந்து வாதாடினார்கள். நோன்பு மாதத்தில் ஹபீல் வறண்ட தொண்டையோடு வாதாடினார். செத்துப்போன தமையனின் எட்டுச் செலவு முடிந்த கையோடு கறுப்பையா சவரம் செய்யாத முகத்துடன் வந்து நின்றார். ஒருநாள் குடை மந்திரி ஏணிக்குத் தாவினார், அடுத்த மாதம் ஏணி மந்திரி குடைக்குத் தாவினார். யார் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் இருவரும் ஒரு கிழமை முழுக்கத் தடுமாறியதில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் வினாத்தாள்கள் பாதியில் நின்றன. கடைசியில் சனம் இரண்டு கட்சியையுமே வீட்டுக்கு அனுப்பியது. மந்திரிமார் இருவரும் ஒரு கலியாண வீட்டில் ஒரே மேசையில் சிரித்துச் சிரித்துச் சாப்பிடும் படம் போன் போனாக வந்தது. அந்தப் படம்கூட இவர்கள் தொண்டை கிழிய வாதாடியதால்தான் ஊருக்கு வந்து சேர்ந்தது. வெட்கம் கெட்ட பிழைப்பு. மறுநாள் எட்டு மணிக்கு இருவரும் வந்து நின்றார்கள்.

தோற்றுப் போவதற்கு முன் குடைக் கட்சி ஒரு சட்டம் செய்திருந்தது. போனில் யார் எதை எழுதலாம், எதை அனுப்பலாம் என்பதற்கான சட்டம். பெண் பிள்ளைகளின் மானத்தைக் காக்க வந்த சட்டம் என்று ஹபீல் சொன்னார். ஏழையின் வாயைத் தைக்க வந்த சட்டம் என்று கறுப்பையா சொன்னார். அந்தச் சட்டத்தில் முதலில் அகப்பட்டது ஹபீலின் சொந்தத் தம்பி பஹீம். அக்குறணையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர், மந்திரி ஒருவரைக் கேலி செய்யும் படத்தை நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். பதினொரு தடவை விசாரணைக்கு அழைத்தார்கள், கடையிலிருந்த கணினியைக் கொண்டுபோனார்கள், பஹீம் கடையைப் பூட்டினார். அந்தக் கிழமையும் ஹபீல் தரிப்பிடத்தில் நின்று, சட்டம் எல்லோருக்கும் ஒன்று, தம்பி என்று பார்க்க முடியாது என்று வாதாடினார். அந்த நாட்களில் கவரேஜ் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. மழை என்று ஊர் நினைத்தது. பஹீமின் மனைவி றிஸானா அதற்குப் பிறகு ஹபீலின் முகம் பார்ப்பதில்லை. அவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

கறுப்பையாவுக்கும் பாலம்மாவுக்கும் ஒரே மகள், நிஷாந்தினி. அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது கறுப்பையாவுக்கு விருப்பமில்லை. விருப்பமில்லை என்று சொல்லவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் பஸ் ஏறிய காலை அவர் எட்டு மணி வாதத்தில் நின்றார், நிறுத்தவில்லை, அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார், அழுதால் பிள்ளைகளின் பாடம் நின்றுவிடும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே மேடம் போனைக் கொடுப்பது வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணித்தியாலம், இங்கே அது நாலு மணி. நாலு மணிக்குக் கறுப்பையா தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். அவர் பேசப் பேசத்தான் மகளின் குரல் லயத்துக்கு வரும், நிறுத்திவிட்டு மகளோடு பேசப் போனால் மகள் இருக்கமாட்டாள். இப்படி இரண்டு வருட வெள்ளிக்கிழமைகள் போயின. அப்பா எங்கே என்று மகள் கேட்பாள், சந்தியில் வாதாடுகிறார், அவர் வாதாடினால்தான் நீ பேசலாம் என்று பாலம்மா சொல்லுவாள். குவைத்தில் இருந்துகொண்டு இதை யார் நம்புவார்? அப்பாவுக்குத் தன்மேல் கோபம், அம்மா பொய் சொல்லி மூடுகிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒருமுறை கறுப்பையா எப்போதும் கவரேஜ் இருக்கும் கெலிஓயாவுக்குப் போய் அங்கிருந்து மகளோடு பேசுவதென்று தீர்மானித்து, வெள்ளிக்கிழமை இரண்டு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ஊர்ச் சனம் தரிப்பிடத்துக்கு வந்து நின்றது. யாரும் மறிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகன் சவூதியில் ஆஸ்பத்திரியில் கிடந்த ராஜலிங்கம் மட்டும் கையைக் கும்பிடுவதுபோல வைத்திருந்தார். பஸ் புறப்படுமுன் கறுப்பையா இறங்கிவிட்டார்.

ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிஷாந்தினி எடுத்ததும், இன்னும் இரண்டு வருடத்துக்கு மேடம் கடதாசி கொண்டு வந்திருக்கிறார், இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். பாலம்மா வந்துவிடச் சொன்னாள். மகள் கேட்கவில்லை.

“அப்பா வரச் சொன்னா வர்றேன். அவரு வாயால சொல்லணும். இல்லேன்னா கையெழுத்து வச்சிருவேன்மா.”

பாலம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்திலிருந்து சந்திக்குப் படியேறி ஓடினாள். தரிப்பிடத்தில் கறுப்பையா கம்பெனிச் சட்டம் பற்றிய பகுதியில் இருந்தார். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினாள். அவர் வாயை நிறுத்தி அதை வாங்கினார், போன் செத்துப்போயிருந்தது. திரும்ப வாதாடத் தொடங்கினார், திரும்ப அடித்தது, காதில் வைத்தார், செத்தது. மூன்று தடவை இப்படி. முப்பத்தாறு வீட்டிலும் கோல் அறுந்து சனம் வாசலுக்கு வந்துவிட்டது. நாலு மணி பத்து நிமிடம். கறுப்பையா வாதாடிக்கொண்டே அழுதார், அல்லது அழுதுகொண்டே வாதாடினார், எது முதல் என்று சொல்ல முடியாது.

அப்போது ஹபீல் பேசுவதை நிறுத்திவிட்டு அவருடைய தோளில் கை வைத்தார்.

“அண்ணே, நீங்க போய் மகளோட கதைங்க. ஒங்கட பக்க வாதத்தையும் நானே செல்றேன்.”

“அது எப்புடி ஹபீல் நானா ஆகும்? உள்ளுக்குள்ள எரியணும்ல?”

ஹபீல் தரிப்பிடத்தின் மற்றப் பக்கத்துக்கு, கறுப்பையா எப்போதும் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றார். கம்பெனிகளை விட்ட சட்டம், ஏணி மந்திரி, அந்த வருடம், இந்த வருடம் என்று இவ்வளவு காலமும் கேட்டதையெல்லாம் வரிசையாக ஒப்புவித்தார். போன் அசையவில்லை. பஸீஹா டீச்சர் தலையை ஆட்டிவிட்டார். பிறகு ஹபீல் குடைக் கட்சியின் புதுச் சட்டத்துக்கு வந்தார். தான் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்து, அங்கே ஒரு ஹபீல் நிற்பதுபோலக் கேட்டார்.

“என்ட தம்பிய பதினொரு தரம் கூப்பிட்டாங்க. நீ ஒரு தரம் அவனோட போனியா? படத்தப் பார்த்துச் சிரிச்சவன்தானே நீயும். சட்டம் சரி எண்டு இங்க வந்து நிண்டு செல்றதுக்கு ஒனக்கு நாக்கு எப்படி வந்தது?”

நாலு கோடும் ஏறியது. ஹபீல் இந்தப் பக்கம் வந்து சட்டம் இல்லாவிட்டால் ஊர் நாறும் என்றார், அந்தப் பக்கம் போய் உன் கட்சிக்குப் பயந்து தம்பியை விற்றாய் என்றார், இந்தப் பக்கம் வந்து பதில் தேடினார், கிடைக்கவில்லை, மறுபடி அந்தப் பக்கம் போனார். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை. ஒன்பதாங்கட்டைக்கு அப்படியொரு கவரேஜ் அதற்கு முன் வந்ததில்லை. வீடியோவில் படம் தெளிவாக விழுந்தது என்று பிறகு எல்லா வீட்டிலும் சொன்னார்கள்.

கறுப்பையா படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார்.

“அப்பாவா?”

“ஆமா புள்ள.”

இத்தனை வருடம் ஒரே விஷயத்தைக் கத்திய தொண்டையில் கம்பியும் சட்டமும்தான் வந்து நின்றன. கோபமா அப்பா என்று அவள் கேட்டாள்.

“ஒம்மேல எனக்கு என்ன கோவம். போகாதன்னு சொல்லாம விட்டேன்ல, எம்மேலதான் கோவம். வந்துரு புள்ள. ஒன்னைய பாக்காம இருக்க முடியல.”

அவள் அழுதாள், இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிடுகிறாயா என்று கேட்டார், முழங்கால் எப்படி என்று அவள் கேட்டாள், லயத்துக்குப் புதுத் தகரம் போட்டதைச் சொன்னார். நாலரைக்கு ஹபீலின் குரல் அடைத்தது. போன் நின்றது. சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது.

எதிர்க்கட்சிக்காக வாதாடியதற்குக் குடைக் கட்சியின் கிளைச் சங்கம் அடுத்த கிழமையே கூடி ஹபீலைச் செயலாளர் பதவியிலிருந்து விலக்கியது. கூடியவர்கள் ஐந்து பேர், கட்சியில் மிச்சம் இருந்ததும் அவ்வளவுதான். கடிதத்தை வாசித்துவிட்டு ஹபீல் கடையைப் பூட்டி அக்குறணைக்குப் பஸ் ஏறினார். தம்பி வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார் என்றும், றிஸானாதான் கதவைத் திறந்து உள்ளே வாங்க என்றாள் என்றும் கேள்வி. அங்கே என்ன கதைத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது, கவரேஜ் இல்லாத நேரம்.

நிஷாந்தினி அடுத்த மாதம் வந்து சேர்ந்தாள், மெலிந்து போய், ஒரு பெரிய பையோடு. இனிக் கறுப்பையா நாலு மணிக்குப் போகவேண்டிய தேவை இல்லை. போகமாட்டேன் என்று பாலம்மாவிடம் சொல்லியும் இருந்தார். வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியேறினார். ராஜலிங்கத்தின் மகன் இன்னும் சவூதியில்தான் இருக்கிறான், மற்ற முப்பத்துநாலு வீட்டு ஆட்களும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள்.

கொஞ்சம் பிந்தி நிஷாந்தினியும் சந்திக்கு வந்தாள். அப்பா ஒரு பக்கம், ஹபீல் மறுபக்கம், கழுத்து நரம்பு புடைக்கக் கம்பியா சட்டமா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த போனில் நாலு கோடு நின்றது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். கறுப்பையா அவளைக் கண்டார், ஆனால் நிறுத்தவில்லை. அவள் போனை ஓஃப் செய்து மடியில் வைத்துக்கொண்டு, தரிப்பிடத்து மர வாங்கில் உட்கார்ந்து, நாலரை ஆகும்வரை அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.