இருபத்தைந்தாவது தலை

1931. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்கள் சந்தா போட்டு நடத்திய பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். பெயர் கார்த்திகேசு. அரசாங்க உதவிப்பணம் வேண்டுமென்றால், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பெஞ்சில் இருபத்தைந்து தலை இருக்க வேண்டும். ரப்பர் விலை விழுந்து, வேலை போன குடும்பங்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது இருபத்து நான்கு பிள்ளைகள். பள்ளியை மூடினால் அடுத்த கப்பலில் நான்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. தலைவர் சபாபதி ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆள் குறைப்பதைத் தினமும் பார்த்துப் பார்த்து அதில் கைதேர்ந்துவிட்ட மனிதர்.

"வாத்தியாருன்னா செலவு, புள்ளைன்னா வரவு. வாத்தியாரையே புள்ளையா சேத்துட்டா? சம்பளமும் மிச்சம், தலையும் சரியாப் போச்சு லா!"

எல்லோரும் கை தட்டினார்கள். பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்கு நல்ல மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ பாடம் யாரு நடத்துறது?" என்று கேட்டேன்.

"அதை அடுத்த கூட்டத்துல பேசிக்குவோம்," என்றார் சபாபதி.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மீனாட்சிசுந்தரம் வந்தபோது, முழங்கால் மேசையில் இடிக்க முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். விரல் நீட்டி எண்ணினார்.

"இருபத்தஞ்சு. சரி, வாத்தியார் எங்கே?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சிலேட்டைப் பார்த்தேன்.

"வாத்தியார் இல்லாட்டி உதவிப்பணம் கெடையாது," என்று பேனாவை மூடினார்.

எட்டு வயதுப் புஷ்பவல்லி எழுந்து போய்ச் சாக்கட்டியைக் கையில் எடுத்தாள். "நான்தான்," என்றாள்.

அவர் மறுபடி எண்ணினார். "இப்போ இருபத்து நாலு."

தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் கிளம்பவில்லை. கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். பாதிப் பள்ளிகளின் பெயரை அடித்திருந்தது.

"பத்துப் பள்ளிக்கூடம் இருந்தாத்தான் இன்ஸ்பெக்டர் வேணுமாம். இதையும் அடிச்சா ஒம்பது," என்று என் காதருகே சொன்னார். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க வாத்தியாரே."

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புஷ்பவல்லி எங்கள் இருவரையும் ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். அவருக்கு ஏழெட்டில் உதைத்தது.

பள்ளி பிழைத்தது. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. மறுநாள் காலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கரும்பலகை முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். புஷ்பவல்லி சாக்கட்டியைத் தரவில்லை.

"போய் ஒக்காருங்க வாத்தியாரே. நீங்க நின்னா ஒரு தலை கொறையும்."

பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.