வலது பக்கத் திரை

"அணைச்சுட்டுத் திரும்பப் போடு, எல்லாம் தானா—"

"அணைச்சா போச்சு அண்ணா, கையை எடு—"

"—சரியாயிடும். எங்க ஆபீஸ்ல தினமும் இதைத்தான்—"

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் வேற, அம்மா கம்ப்யூட்டர் வேற. கையை எடுன்னேன்."

அண்ணன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குப் பல் தேய்க்கப் போனவள், குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அம்மாவைக் கிடத்த இடம் வேண்டுமே என்று அக்கம்பக்கத்து ஆட்கள் கூடத்திலிருந்த அவளுடைய மேஜையை அப்படியே தூக்கி உள்ளறையில் கொண்டுவந்து போட்டார்கள். அந்த அவசரத்தில் லேப்டாப்போடு கோத்திருந்த பெரிய திரையின் ஒயர் இழுபட்டுக் கழன்றுவிட்டது. முனையில் இருந்த ஊசிகளில் இரண்டு வளைந்து, ஒன்று முறிந்தே போயிருந்தது.

"இங்க பாரு," என்று தங்கை மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி லேப்டாப்பின் ஓரம் வரை போயிற்று. ஓரத்தையும் தாண்டிற்று. பிறகு காணோம்.

"எங்க போச்சு?"

"பெரிய திரைக்கு. ஒயர் போனது இதுக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு திரை இருக்குன்னே நினைச்சுக்கிட்டிருக்கு. அம்மா ராத்திரி போட்ட ரூட் ஷீட்டு அந்தப் பக்கம்தான் திறந்து கிடக்கு. சேவ் பண்ணாளா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"கண்ணை மூடிக்கிட்டு சேவ் பட்டனைத் தட்டு."

"அங்க வேற ஏதாவது கேள்வி கேட்டுக்கிட்டு நின்னா? 'அழிக்கட்டுமா'ன்னு கேட்டு, நீ தட்டினது 'சரி'ன்னு விழுந்தா?"

அண்ணன் குனிந்து லேப்டாப்பை உற்றுப் பார்த்தான். "யாரு இவளுக்கு இந்த லினக்ஸைச் சொல்லிக் குடுத்தது?" என்றான்.

"யாரும் இல்ல. பழைய லேப்டாப்பு தூங்கி வழியுதுன்னு விண்டோஸை எடுத்துட்டு அவளே இதைப் போட்டுக்கிட்டா. புதுசு வாங்கித் தரேன்னு நீ சொன்னே. வாங்கித் தந்தியா?"

அண்ணன் வெளியூரிலிருந்து மத்தியானம்தான் வந்து சேர்ந்திருந்தான். இரண்டு வருஷமாகப் போனில், "அம்மாகிட்ட குடு" என்பதற்கு மேல் அவனும் பேசியதில்லை, "இந்தா, உன் பிள்ளை" என்பதற்கு மேல் இவளும் பேசியதில்லை.

அம்மாவுக்குப் பள்ளிக்கூட வண்டிகளுக்குப் பாதை போடும் வேலை. பதினாலு வண்டி, முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்தத் தெரு முனையில் யாரை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கு. டிரைவர்கள் அவளை ரூட்டம்மா என்பார்கள். விடுமுறை முடிந்து நாளைக் காலை பள்ளி திறக்கிறது. போன வாரம் திடீரென்று பெரிய பாலத்தை மூடிவிட்டதால் பழைய பாதை ஒன்றுகூட உதவாது. பத்து நாள் செய்ய வேண்டியதை அம்மா நாலே ராத்திரியில் செய்து, "காலையில அனுப்பிடறேன்" என்று பதினாலு பேருக்கும் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

பள்ளிக்குப் போன் செய்தால், "இந்த நேரத்துல நீங்க அதையெல்லாம் யோசிக்காதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

டிரைவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து அம்மாவின் காலடியில் நின்றார்கள், தங்கையிடம் வந்து வாயைத் திறந்தார்கள், "ஏதாவது சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்கள். யாரும் ஷீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கனைப்பு. கப்பல் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் வண்டிக்காரர். மெதுவாக ஓட்டுவதால் வந்த பேர், இருபது வருஷமாக அதுதான் பேர்.

"உங்க சண்டை தெரு வரைக்கும் கேட்குது," என்றார். ஜன்னல் கம்பி வழியாக ஒரு ஒயரை நீட்டினார். "இது சேருமா பாரு பாப்பா. எங்க வீட்டு டிவியிலேருந்து உருவிக்கிட்டு வந்தேன். வீட்டுக்காரி சீரியல் பார்த்துக்கிட்டிருந்தா. இன்னிக்கு எனக்குச் சோறு கிடையாது."

அந்த ஒயருக்கு லேப்டாப்பின் மறுபக்கத்தில் பொருத்தமான துளை இருந்தது. திரைக்குப் பின்னாலும் இருந்தது. அண்ணன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் செருகினான். திரை நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டி, மறுபடி கறுத்தது.

"உயிரு இருக்கு," என்றான் அண்ணன் மேஜைக்கு அடியிலிருந்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். சற்று நேரம் வெளியே வரவில்லை.

தங்கை திரை அமைப்பைத் திறந்தாள். இரண்டு கட்டங்கள். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். சாம்பலைத் தொட்டு, 'பயன்படுத்து' என்பதில் குறியிட்டாள். இரண்டு திரையும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தன. பெரிய திரையில் பிள்ளைகளின் பேர்ப் பட்டியல் பளிச்சென்று வந்து நின்றது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு," என்று அண்ணன் மேஜையைத் தட்டினான். ஜன்னலுக்கு வெளியே கப்பல் கைதட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு தலைகள் முளைத்திருந்தன.

"வரல," என்றாள் தங்கை. "நல்லா பாரு. லேப்டாப்புல இருக்கிற அதே பட்டியல்தான் அதுலயும். கண்ணாடியில முகம் தெரியற மாதிரி. நமக்கு வேண்டியது இதைத் தாண்டி இருக்கிற இடம். அதை நீட்டித்தான் வாங்கணும்."

"நீட்டு, நீட்டு. எந்தப் பக்கம்?"

இரண்டு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து வைக்க வேண்டும். முன்பு அம்புக்குறி எந்த ஓரத்தில் மறைந்தது?

"இடது," என்றான் அண்ணன். "திரை இடது பக்கம்தானே இருக்கு?"

"அது இங்க தூக்கிட்டு வந்தவங்க வச்ச இடம். கூடத்துல எந்தப் பக்கம் இருந்துச்சு? தினம் பார்த்ததுதான், இப்ப ஞாபகமே வர மாட்டேங்குது. தப்பா வச்சு, அது வேற எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கிட்டா?"

"நீதானே மவுஸை ஓட்டினே? நீ பார்க்கலியா?"

"நீ கத்தின கத்தல்ல எங்க பார்த்தேன்?"

கதவருகில் சித்தி வந்து நின்றாள். அம்மாவின் தங்கை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "உங்கம்மா அங்க கிடக்கிறா. இங்க என்ன கைதட்டல்? கல்யாண வீடா இது? வர்றவங்க என்னைக் கேட்கறாங்க."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரு சின்னத் தலையணை எடுங்க. அவ கழுத்து ஒரு பக்கமாவே திரும்பி நிக்குது. நேரா வைக்க முடியல. முட்டுக் குடுக்கணும்."

தங்கை நிமிர்ந்தாள். "எந்தப் பக்கம் சித்தி?"

"எந்தப் பக்கமா இருந்தா உனக்கென்ன? வலது."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். நாலு ராத்திரியும் பெரிய திரையைப் பார்த்தே திரும்பியிருந்த கழுத்து. தங்கை கட்டத்தை வலது பக்கம் இழுத்து வைத்து மவுஸைத் தட்டினாள்.

திரை இருண்டது. பிறகு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, ஊர் முழுவதும் அதில் விரிந்தது. பதினாலு நிறத்தில் பதினாலு கோடுகள், மூடிய பாலத்தைத் தொடாமல், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல், சந்து சந்தாக நுழைந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. பக்கத்தில் ஷீட்டு. அதன் தலையில், இன்னும் சேமிக்கவில்லை என்று சொல்லும் சின்ன நட்சத்திரக் குறி. தங்கை சேமித்தாள். நட்சத்திரம் மறைந்தது. அப்புறமும் அவள் மவுஸை விடவில்லை.

"எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க," என்றான் அண்ணன் ஜன்னலைப் பார்த்து.

அந்தச் சின்ன அறைக்குள் பதினாலு பேரும் வந்து அடைந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு வண்டியாகப் படித்தான். கடைசிப் பத்தியில் அம்மா குறிப்பு எழுதி வைத்திருந்தாள். "முன் சீட்டு, வாந்தி எடுக்கும்." "இவனையும் அவனையும் சேர்த்து உட்கார வைத்தால் நான் பொறுப்பல்ல."

"எனக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் கப்பல்.

"பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பணுமாம். 'சொன்னாலும் கேட்க மாட்டார், எதற்கும் சொல்லி வைக்கவும்'னு எழுதியிருக்கா."

சிரிப்பு கிளம்பியது. கப்பல்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தி தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் இவளே போட்டதா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

அண்ணன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, காலர் பட்டனைக் கழற்றிவிட்டு, வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தங்கை பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதில் நின்றான்.

"மூணாவது ஸ்டாப்புல நாலு நிமிஷம் நிக்கணுமாம். மத்த இடமெல்லாம் ஒரு நிமிஷம்தானே?"

"எனக்கும் தெரியல சார்," என்றார் ஒன்பதாம் வண்டிக்காரர். "அங்க ஒரே ஒரு பொண்ணுதான் ஏறும். வண்டி திரும்பறதுக்குள்ள ஓடி வந்து ஏறிடும். பழைய ஷீட்டுலயும் நாலு நிமிஷம்தான். எதுக்குன்னு நான் கேட்டதில்ல."

குறிப்புப் பத்தியைத் தேடினார்கள். அந்த வரியில் மட்டும் குறிப்பு இல்லை. அண்ணன் நெற்றியைச் சுருக்கினான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கூடத்துப் பக்கம் தலையைச் சாய்த்து, உரக்கக் கேட்டான்.

"அம்மா, ஒன்பதாம் வண்டிக்கு எதுக்கு நாலு நிமிஷம் குடுத்திருக்கே?"